சாப்பாட்டு மேஜையில் ரெயில் விட்ட மகாராஜா

சென்னையில் இருந்து ஜி.டி. எக்ஸ்பிரசில் டெல்லிக்குப் போனவர்களுக்கும், மும்பையில் இருந்து பஞ்சாப் மெயிலில் வடக்கே போனவர்களுக்கும் குவாலியர் என்ற ஊர் தெரிந்திருக்கும். ஜான்சியைத் தாண்டிய பிறகு வரும் பெரிய ஸ்டேஷன் அது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீளமான ஒரு பாறைக் குன்றும், அதன் மேல் பழைய கோட்டையும் தெரியும்.

அந்த ஊரை ஆண்ட மகாராஜா ஒருவருக்கு ரெயில் என்றால் உயிர். ரெயிலில் ஏறிப் போவதோடு அவர் ஆசை அடங்கவில்லை. ரெயிலை வைத்து விளையாடினார். அரண்மனையில் ரெயில் விட்டார். விருந்து மண்டபத்தில், சாப்பாட்டு மேஜையின் மேலேயே தண்டவாளம் போட்டு, வெள்ளியால் செய்த ரெயிலை ஓட விட்டார்.

அதோடு நின்றிருந்தால், பணம் படைத்தவரின் பைத்தியம் என்று ஊரார் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அவருடைய விளையாட்டு வளர்ந்து, அரண்மனை வாசலைத் தாண்டி, ஏழை எளியவர்களை ஏற்றிக்கொண்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

அவர்தான் மாதவராவ் சிந்தியா.

இந்தப் பெயரைக் கேட்டதும், 1980-களில் மத்திய ரெயில்வே மந்திரியாக இருந்த மாதவராவ் சிந்தியாதான் பலருக்கு நினைவு வருவார். அவர் பேரன். நாம் பார்க்கப் போவது தாத்தாவின் கதை.

ஷிண்டே வம்சம்

மராட்டிய மண்ணில் வாழும் நமக்கு ஷிண்டே என்ற குடும்பப் பெயர் புதிது அல்ல. பக்கத்து வீட்டிலும், ஆபீசிலும், மில்லிலும் ஒரு ஷிண்டே இருப்பார். அந்த ஷிண்டே என்ற பெயரைத்தான் வெள்ளைக்காரர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி சிந்தியா என்று ஆக்கினார்கள்.

சிந்தியா குடும்பத்தின் பூர்வீகம் சதாரா மாவட்டத்தில் உள்ள கண்ணேர்கேட் என்ற கிராமம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ராணோஜி என்பவர், 18-ம் நூற்றாண்டில் பேஷ்வாவின் படையில் சேர்ந்து, தளபதியாக உயர்ந்து, வட நாட்டில் ஒரு ராஜ்யத்துக்கே வித்திட்டார். பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வெகு தூரம் போன குடும்பம்தான் அதுவும். போன இடத்தில் அரசாண்டது.

அந்த வம்சத்தில் வந்த ஜயாஜிராவ் சிந்தியாவின் மகனாக, 1876-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ந் தேதி மாதவராவ் பிறந்தார்.

ரெயிலுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் உள்ள தொடர்பு மாதவராவ் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆக்ராவில் இருந்து குவாலியர் வரை ரெயில் பாதை போடுவதற்காக, 1872-ம் ஆண்டிலேயே ஜயாஜிராவ் 75 லட்சம் ரூபாய் கடன் கொடுத்தார். ஒரு சவரன் சில ரூபாய்க்கு விற்ற காலம் அது. அந்தக் காலத்தில் 75 லட்சம் என்றால் எவ்வளவு பெரிய தொகை என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்பா கடன் கொடுத்துப் போட வைத்த பாதையில் வந்த ரெயிலைப் பார்த்து வளர்ந்தவர் மகன்.

பத்து வயது நிரம்பும் முன்பே பட்டம்

1886-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜயாஜிராவ் காலமானார். அப்போது மாதவராவுக்குப் பத்து வயது கூட நிரம்பவில்லை. அந்தச் சிறுவன்தான் குவாலியரின் மகாராஜா ஆனான்.

ராஜ்யம் சிறியது அல்ல. சுமார் 25 ஆயிரம் சதுர மைல் பரப்பு. சுமார் 30 லட்சம் மக்கள். 21 பீரங்கிகள் முழங்க வரவேற்கப்படும் உரிமை பெற்ற மிகச் சில சமஸ்தானங்களில் குவாலியரும் ஒன்று.

சிறுவன் பெரியவனாகும் வரை ஆட்சிக் குழு ஒன்று ராஜ்யத்தை நடத்தியது. மாதவராவ் ஆங்கிலம் படித்தார். குதிரை ஏறினார். அதோடு, ராஜகுமாரர்கள் வழக்கமாகத் தொடாத காரியங்களிலும் அவருக்கு மோகம் பிறந்தது. எந்திரம் எதைக் கண்டாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் சுபாவம். நீராவி என்ஜின் அவரை ஆட்டிப் படைத்தது.

1894-ம் ஆண்டில் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. வயது 18. கையில் ராஜ்யம், கஜானாவில் பணம். கேட்க ஆள் இல்லை. இந்த நிலையில் இருந்த பல ராஜாக்கள் எப்படிப் போனார்கள் என்பது ஊர் அறிந்த கதை. மாதவராவ் ரெயில் வாங்கினார்.

அரண்மனையில் இருந்து புறப்பட்ட ரெயில்

குவாலியரில் ஜெய்விலாஸ் என்ற அரண்மனை இருக்கிறது. ஜயாஜிராவ் 1874-ம் ஆண்டு கட்டி முடித்தது. தர்பார் மண்டபத்தில் இரண்டு பிரமாண்டமான சர விளக்குகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் 3 டன்னுக்கு மேல் எடை. இந்தப் பாரத்தைக் கூரை தாங்குமா என்று பார்ப்பதற்காக, யானைகளைக் கூரை மேல் ஏற்றி நிறுத்திப் பார்த்தார்கள் என்று இன்றைக்கும் அங்கே சொல்வார்கள்.

அந்த அரண்மனையை ஒட்டித்தான் மாதவராவின் ரெயில் பிறந்தது. 1895-ம் ஆண்டு வாக்கில், இரண்டு அடி அகலத்தில் சின்னத் தண்டவாளம் போட்டு, குட்டி என்ஜினைக் கொண்டுவந்து ஓட விட்டார். அவரே என்ஜினில் ஏறி ஓட்டுவார். மகாராஜா புகைக்கும் கரிக்கும் நடுவே நிற்பதைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளித்திருக்கலாம். அவர் கவலைப்படவில்லை.

சின்ன ரெயில் விட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தண்டவாளத்தைப் பூட்டி, என்ஜினை வைத்தால் மட்டும் ரெயில் ஓடிவிடாது. வளைவு குறுகலாக இருந்தால் பெட்டி கவிழும். ஏற்றம் கூடினால் என்ஜின் திணறும். ஒரு பாதையில் இருந்து இன்னொரு பாதைக்கு மாறும் இடத்தில் ஒரு இம்மி பிசகினாலும் சக்கரம் இறங்கிவிடும். இரண்டு ரெயில்கள் ஓட வேண்டுமானால், எது எங்கே எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு வேண்டும்.

பெரிய ரெயில்வேக்கு எவை எல்லாம் பாடமோ, அவை எல்லாம் சின்ன ரெயிலுக்கும் பாடம். விளையாடுகிறவன் தன்னை அறியாமலே அந்தப் பாடத்தைப் படித்துவிடுகிறான்.

மாதவராவும் படித்தார். அரண்மனைக்குள் ஓடுகிற இந்தக் குட்டி ரெயில், அரண்மனைக்கு வெளியே ஏன் ஓடக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

இரண்டு அடிப் பாதை

குவாலியர் நகரம் வரை பெரிய ரெயில் வந்துவிட்டது. ஆனால் ராஜ்யத்தின் உட்பகுதியில் இருந்த ஊர்களுக்கு மாட்டு வண்டியும் ஒட்டகமும்தான் கதி. வடகிழக்கே பிந்த், தெற்கே சிவபுரி, மேற்கே ஜோரா, சபல்கர், ஷியோப்பூர். நடுவே சம்பல் பள்ளத்தாக்கு.

சம்பல் என்றதும் கொள்ளைக்காரர்கள் நினைவு வரும். 1972-ம் ஆண்டில் ஜெயபிரகாஷ் நாராயண் முன்னிலையில் கொள்ளைக்காரர்கள் கூட்டமாகத் துப்பாக்கியைக் கீழே போட்டது இதே ஜோராவில்தான். 1983-ம் ஆண்டில் பூலான்தேவி சரண் அடைந்தது இதே பிந்த் நகரில்தான். மழை நீர் அரித்து அரித்து ஆயிரக்கணக்கான ஓடைகளும் மண் மேடுகளுமாகக் கிடக்கும் பூமி அது.

இந்த மண்ணில் பெரிய ரெயில் பாதை போடுவது என்றால் செலவு கட்டுப்படி ஆகாது. நம் நாட்டில் அகலப் பாதையின் அகலம் ஐந்தரை அடி. அதற்குக் கனமான தண்டவாளம் வேண்டும். உயரமான, அகலமான கரை வேண்டும். பெரிய பாலங்கள் வேண்டும். வளைவுகளும் பெரிதாக இருக்க வேண்டும்.

இரண்டு அடிப் பாதைக்கு இவ்வளவு தேவை இல்லை. லேசான தண்டவாளம் போதும். மேட்டைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகலாம். சாலை ஓரமாகவே கூடப் பாதையைக் கொண்டு போகலாம். வேகம் குறைவு, ஆனால் செலவும் குறைவு.

மும்பைக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. நேரலில் இருந்து மாதேரான் மலைக்குப் போகிறதே ஒரு குட்டி ரெயில், அதுவும் இரண்டு அடிப் பாதைதான். ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் போட்ட அந்தப் பாதை 1907-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. மாதவராவ் அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே இந்த வேலையில் இறங்கிவிட்டார்.

1899-ம் ஆண்டில் குவாலியர் குட்டி ரெயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அப்போது வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு. பிந்துக்கு ஒரு கிளை. சிவபுரிக்கு ஒரு கிளை. மேற்கே போகும் பாதை 1904-ம் ஆண்டில் சபல்கரை எட்டியது. 1909-ம் ஆண்டில் ஷியோப்பூர் வரை போனது. குவாலியரில் இருந்து ஷியோப்பூருக்குச் சுமார் 200 கிலோமீட்டர். மூன்று கிளைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 400 கிலோமீட்டர்.

அரண்மனையில் தொடங்கிய விளையாட்டு, பதினைந்தே ஆண்டுகளில் ஒரு ரெயில்வே ஆகிவிட்டது.

பஞ்சமும் ரெயிலும்

ரெயில் ஓடத் தொடங்கிய காலம் முக்கியமானது. 1896-97-ல் வடக்கிலும் மத்தியப் பகுதியிலும் பெரும் பஞ்சம். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள், 1899-1900-ல் இன்னொரு கொடிய பஞ்சம். வடநாட்டுச் சம்வத் கணக்கில் அது 1956-ம் ஆண்டு. அதனால் அந்தப் பஞ்சத்தைச் சப்பனியா, அதாவது ஐம்பத்தாறு என்றே அந்தப் பக்கத்துக் கிழவர்கள் சொல்வார்கள். நம் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வதைப் போல.

பஞ்ச காலத்தில் மக்கள் சாவதற்கு விளைச்சல் இல்லாதது மட்டும் காரணம் அல்ல. ஓர் ஊரில் தானியம் இருக்கும். இன்னோர் ஊரில் இருக்காது. கொண்டுபோகிற மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் கிடைக்காது. வண்டி பாதி வழியில் நின்றுவிடும். ரெயிலுக்குத் தண்டவாளமும் கரியும் தண்ணீரும் இருந்தால் போதும். மாடு செத்த ஊருக்கும் அது போய்ச் சேரும்.

ஆனால் ரெயில் வந்தால் பஞ்சம் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. உள்ளூர்த் தானியத்தை விலை அதிகம் கிடைக்கும் வெளியூருக்கு ஏற்றிப் போகவும் அதே ரெயில்தான் உதவியது. யார் கையில் இருக்கிறது, யாருக்காக ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது.

வெள்ளி ரெயில்

இரும்பு ரெயில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, அரண்மனைக்குள் இன்னொரு ரெயில் வந்து இறங்கியது. இங்கிலாந்தில் செய்யச் சொல்லி வரவழைத்தது. மகாராஜாவின் பெயரை உலகம் எல்லாம் பரப்பியது இந்த ரெயில்தான்.

விருந்து மண்டபத்தில் நீளமான சாப்பாட்டு மேஜை. அதன் மேல் குட்டித் தண்டவாளம். தண்டவாளத்தின் மேல் வெள்ளி என்ஜின். அதன் பின்னால் ஏழு பெட்டிகள். ஆங்கிலத்தில் சிந்தியா என்று எழுத ஏழு எழுத்துகள் வேண்டும். பெட்டிக்கு ஓர் எழுத்து. பெட்டிகளில் கண்ணாடிக் குப்பிகளில் பிராந்தி முதலிய பானங்கள், சுருட்டுகள்.

ரெயில் மின்சாரத்தில் ஓடியது. சாப்பாடு முடிந்ததும் ரெயில் புறப்பட்டு, விருந்தாளிகள் ஒவ்வொருவர் முன்னாலும் போகும். ஒருவர் குப்பியைக் கையில் எடுத்தால் ரெயில் தானாக நின்றுவிடும். ஊற்றிக்கொண்டு குப்பியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தால் மறுபடியும் கிளம்பும். குப்பியின் கனம் பட்டால் மின்சாரம் பாயும். கனம் நீங்கினால் மின்சாரம் அறுந்துவிடும். சூட்சுமம் அவ்வளவுதான். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, மின்சார விளக்கையே அதிசயமாகப் பார்த்த காலத்தில், விருந்தாளிகள் வாயைப் பிளந்திருப்பார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு சமயம் வைஸ்ராய்க்கு விருந்து நடந்தபோது, ரெயில் கட்டுக்கு அடங்காமல் மேஜையைச் சுற்றிப் பறந்ததாகவும், துரைமார்கள், துரைசானிகள் உடுப்பில் எல்லாம் குழம்பு தெறித்ததாகவும் ஒரு கதை உண்டு. கதையில் உப்பும் காரமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் வெள்ளி ரெயில் கற்பனை அல்ல. ஜெய்விலாஸ் அரண்மனையின் ஒரு பகுதி 1964-ம் ஆண்டில் மியூசியம் ஆக்கப்பட்டது. அங்கே போகிறவர்கள், அந்த மேஜையையும் தண்டவாளத்தையும் ரெயிலையும் பார்க்கலாம்.

பெரியவர்களின் விளையாட்டு

ரெயில் பொம்மை மேல் பெரியவர்களுக்கு ஆசை வந்தது மாதவராவோடு நின்றுவிட்ட விஷயம் அல்ல. அந்தக் காலத்தில் ஐரோப்பாவே அப்படித்தான் இருந்தது.

முன்பெல்லாம் கயிறு கட்டி இழுக்கும் தகர ரெயில் பொம்மைகள் இருந்தன. ஜெர்மனியில் மார்க்ளின் என்ற கம்பெனி, 1891-ம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் ஒரு புதுமையைக் கொண்டுவந்தது. தண்டவாளத்துக்குக் குறிப்பிட்ட அளவு வகுத்து, என்ஜின், பெட்டி, வளைவு, கிளைப் பாதை எல்லாவற்றையும் அந்த அளவுக்குப் பொருந்தும்படி செய்தது. இந்த ஆண்டு என்ஜின் வாங்கலாம். அடுத்த ஆண்டு இரண்டு பெட்டி வாங்கிச் சேர்க்கலாம். அதற்கு அடுத்த ஆண்டு ஒரு ஸ்டேஷன். பொம்மை வாங்கியவன் ரெயில்வே முதலாளி ஆகிவிட்டான்.

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் நகரத்தில் பாசெட்-லோக் என்பவர், உண்மையான என்ஜின்களைப் பார்த்து அச்சு அசலாகச் செய்த குட்டி என்ஜின்களை விற்றார். 1920-ம் ஆண்டில் லிவர்பூலில் பிராங்க் ஹார்ன்பி என்பவர், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் வாங்கும் விலையில் ரெயில்களைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் மிக்கி மவுஸ் படம் எடுத்த வால்ட் டிஸ்னி, 1950-ம் ஆண்டு வாக்கில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஆள் உட்கார்ந்து போகும் அளவுக்கு நீராவி ரெயில் விட்டார். அந்த ரெயில் ஆசையின் தொடர்ச்சியாகத்தான் 1955-ம் ஆண்டில் அவர் திறந்த டிஸ்னிலாந்தைச் சுற்றி இன்றும் ரெயில் ஓடுகிறது.

நம் பக்கத்திலும் அப்படி ஒருவர் உண்டு. புனேயில் கோத்ரூட் பகுதியில், ஜோஷி என்பவர் வாழ்நாள் எல்லாம் சேர்த்தும் செய்தும் வைத்த குட்டி ரெயில்களைக் கொண்டு, 1998-ம் ஆண்டில் ஒரு குட்டி ரெயில் மியூசியம் திறக்கப்பட்டது. உண்மை ரெயிலின் 87-ல் ஒரு பங்கு அளவில் ரெயில்கள். சிக்னல் விழுகிறது, கேட் மூடுகிறது, பகல் போய் இரவு வந்து விளக்கு எரிகிறது. தாதரில் ரெயில் ஏறினால் காலையில் போய்ப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம்.

இப்படிப்பட்டவர்களுக்கும் மாதவராவுக்கும் ஒரு வேறுபாடு. அவர்கள் பெரிய ரெயிலைப் பார்த்துச் சின்ன ரெயில் செய்தார்கள். மாதவராவ் சின்ன ரெயில் விட்டுப் பார்த்துப் பெரிய ரெயில்வே போட்டார்.

கைகூடாத கல்யாணம்

இவ்வளவு இருந்தும் மாதவராவின் சொந்த வாழ்க்கையில் ஒரு குறை. முதல் மனைவி மூலம் வாரிசு இல்லை. பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட்டின் மகள் இந்திராவை அவருக்கு நிச்சயம் செய்தார்கள். ஆனால் 1911-ம் ஆண்டு டெல்லி தர்பாருக்குப் போன இடத்தில், இந்திரா கூச்பிகார் ராஜகுமாரர் ஜிதேந்திராவைச் சந்தித்து மனதைப் பறிகொடுத்தார். கல்யாணத்தில் இஷ்டம் இல்லை என்று தன் கையாலேயே மாதவராவுக்குக் கடிதம் எழுதிவிட்டார். ராஜ குடும்பத்துப் பெண் அப்படி எழுதுவது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். நாடே அதிர்ந்தது.

மாதவராவ் பின்னர் கஜரா ராஜே என்பவரை மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள். இங்கிலாந்து மன்னர், ராணி மேல் இருந்த விசுவாசத்தைக் காட்ட, மகளுக்கு மேரி என்றும் மகனுக்கு ஜார்ஜ் என்றும் சேர்த்துப் பெயர் வைத்தார். மேரி கமலா ராஜே, ஜார்ஜ் ஜீவாஜிராவ். மகன் பிறந்தது 1916-ம் ஆண்டு.

வெள்ளையருக்கு அவ்வளவு வேண்டியவராக இருந்தார். 1900-ம் ஆண்டில் சீனாவில் சண்டை நடந்தபோது, காயம் அடைந்த வீரர்களுக்காக ஆஸ்பத்திரிக் கப்பல் ஒன்றை ஏற்பாடு செய்து, தானும் நேரில் போனார். முதல் உலகப் போர் வந்ததும் மறுபடியும் ஓர் ஆஸ்பத்திரிக் கப்பல். ஒரு பழைய பயணிகள் கப்பலை வாங்கி, விசுவாசம் என்ற பொருள்படும் லாயல்டி என்ற பெயரை வைத்தார்.

விசுவாசக் கப்பல் செய்த வேலை

விதியின் விளையாட்டைப் பாருங்கள். வெள்ளையருக்கு விசுவாசம் காட்ட வாங்கிய அதே கப்பல், வெள்ளையரின் கப்பல் ஏகபோகத்தை எதிர்த்துப் போக நேர்ந்தது.

தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், ஆங்கில அரசும் ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்து அதை ஒழித்துக் கட்டியதும் தமிழர்கள் எல்லோரும் அறிந்தது. அந்த ஆசை சாகவில்லை. 1919-ம் ஆண்டில் பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலியவர்கள் சேர்ந்து, மாதவராவின் லாயல்டி கப்பலை விலைக்கு வாங்கினார்கள். தொடங்கிய கம்பெனிக்கு சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி லாயல்டி பம்பாயில் இருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 5-ந் தேதி தேசியக் கடல்வழி நாளாகக் கொண்டாடப்படுவது இதை நினைவுகூரத்தான். பல்லார்ட் எஸ்டேட் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பார்க்கும் சிந்தியா ஹவுஸ் கட்டடத்தின் பெயரும் இந்தக் கம்பெனியால் வந்ததே.

டாடா இரும்புத் தொழிற்சாலைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. தொடக்க காலத்தில் நடைமுறைச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. 4 லட்சம் பவுன் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. அத்தனையையும் ஒருவரே வாங்கினார். அவர் மாதவராவ்.

குவாலியரில் அவர் 1905-ம் ஆண்டில் தொடங்கிய சந்தை, இன்றும் ஆண்டுதோறும் கூடும் பெரிய வியாபாரத் திருவிழா. 1918-ம் ஆண்டில் பம்பாய் சங்கீத மேதை பாத்கண்டேயின் வழிகாட்டலில் ஒரு சங்கீதப் பள்ளியும் திறந்தார்.

பாரிசில் முடிந்த பயணம்

1925-ம் ஆண்டு ஜூன் மாதம் 5-ந் தேதி, பாரிஸ் நகரில் மாதவராவ் காலமானார். வயது 48. மகனுக்கு இன்னும் ஒன்பது வயது கூட ஆகவில்லை. தகப்பனைப் போலவே மகனும் பத்து வயது நிரம்பும் முன்பே மகாராஜா ஆனான்.

சிவபுரியில், தாயாரின் நினைவு மண்டபத்துக்கு எதிரிலேயே மாதவராவுக்கும் வெள்ளைப் பளிங்கில் நினைவு மண்டபம் எழுப்பினார்கள். வண்ணக் கற்கள் பதித்த வேலைப்பாட்டைப் பார்ப்பதற்கென்றே இன்றும் மக்கள் போகிறார்கள்.

அவருடைய குட்டி ரெயில் நிற்கவில்லை. 1942-ம் ஆண்டில் அதற்கு சிந்தியா அரசு ரெயில்வே என்று பெயர் வந்தது. நாடு விடுதலை அடைந்தது. சமஸ்தானங்கள் மறைந்தன. 1951-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி மத்திய ரெயில்வே உருவானபோது, பழைய ஜி.ஐ.பி. ரெயில்வேயோடு சிந்தியாவின் ரெயிலும் அதில் சேர்ந்தது. தலைமையகம் எங்கே? நம் போரிபந்தரில் உள்ள வி.டி. ஸ்டேஷன் கட்டடம்தான். ஒரு ராஜாவின் விளையாட்டு ரெயிலுக்கு, மும்பையில் இருந்து உத்தரவு போகும் காலமும் வந்தது. மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த நம்மவர்களும், அந்தக் குட்டி ரெயிலின் தொழிலாளர்களும் ஒரே ரெயில்வேயின் ஊழியர்கள் ஆனார்கள்.

நூறு ஆண்டு ஓடிய ரெயில்

பிந்த், சிவபுரி பக்கம் பிற்காலத்தில் அகலப் பாதை வந்தது. ஷியோப்பூர் கிளை மட்டும் பழையபடியே ஓடியது. இரண்டு அடிப் பாதைகளில் உலகிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று என்று பெயர் எடுத்தது. 200 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒரு பகல் பொழுது ஆகும். பெட்டிக்குள் இடம் இல்லாமல் கூரை மேல் ஏறி உட்கார்ந்து போவார்கள். பால் கேன், காய்கறிக் கூடை, கல்யாணக் கூட்டம், கோர்ட்டுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எல்லோருக்கும் அந்த ஒரே ரெயில். 2020-ம் ஆண்டு மார்ச் மாதம், கொரோனா ஊரடங்கில் நாட்டில் பயணிகள் ரெயில்கள் நின்றபோது அதுவும் நின்றது. குட்டி ரெயில் மறுபடி ஓடவில்லை. அந்தப் பாதையை அகலப் பாதை ஆக்கும் பணி நடக்கத் தொடங்கியது.

இடையில் இன்னொரு சுவையான சம்பவம். மாதவராவின் பேரனுக்கும் மாதவராவ் என்றே பெயர் வைத்தார்கள் அல்லவா? 1986-ம் ஆண்டில் அவர் ராஜீவ்காந்தி மந்திரிசபையில் ரெயில்வே இலாகாவை ஏற்றார். 1988-ம் ஆண்டில் நாட்டின் முதல் சதாப்தி எக்ஸ்பிரஸ் விடப்பட்டது. அது டெல்லியில் இருந்து குவாலியர் வழியாக ஜான்சிக்குப் போனது. தாத்தா குட்டி ரெயில் விட்ட ஊருக்கு, அந்தக் காலத்தில் நாட்டிலேயே வேகமான ரெயிலைப் பேரன் கொண்டுபோனார்.

கணக்குப் பார்த்தால்

சிறுபிள்ளை செய்த வெள்ளாமை வீடு வந்து சேராது என்பது பழமொழி. மாதவராவ் விஷயத்தில் சிறுபிள்ளை விளையாட்டு விளைந்து, மற்றவர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளி ரெயிலும் இரும்பு ரெயிலும் அவர் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் வந்தவை அல்ல. குவாலியர் குடியானவன் கட்டிய வரியில் வந்தவை. வெயிலில் மண் சுமந்து கரை போட்டவர்கள், தண்டவாளம் தூக்கியவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ராஜாவுக்கு ரெயில் ஆசை இல்லாமல் வேறு ஆசை இருந்திருந்தால், அதே வரிப் பணம் அதற்கும் போயிருக்கும். மக்களைக் கேட்டு அவர் எதையும் செய்யவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. மன்னர் ஆட்சியின் லட்சணம் அது.

இருந்தும், அவர் விட்ட இரண்டு ரெயில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று வெள்ளி. வந்தவர் வாய்க்குப் பிராந்தி கொண்டுபோனது. அதை இன்று மியூசியத்தில் வேடிக்கை பார்க்கிறோம். இன்னொன்று இரும்பு. கூரை மேல் உட்கார்ந்தவனையும் இறக்கிவிடாமல் கொண்டுபோய் ஊர் சேர்த்தது. அந்தப் பக்கத்து மக்கள் அதைத் தங்கள் ரெயில் என்றே நினைத்தார்கள்.

பொழுதுபோக்கு எல்லோருக்கும் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் நமக்கும் உண்டு. ஒருவர் மிருதங்கம் வாசிப்பார். ஒருவர் பழைய ரேடியோவைப் பிரித்துப் பூட்டுவார். ஒருவர் தீப்பெட்டியை ஒட்டிப் பிள்ளைக்கு ரெயில் செய்து கொடுப்பார். அதற்கு ராஜ்யமும் கஜானாவும் வேண்டியது இல்லை. அந்த ஆசையில் கற்றுக்கொண்டது, நம் வீட்டு வாசலைத் தாண்டி இன்னொருவருக்குப் பயன்பட்டால் போதும். அது விளையாட்டு என்ற கணக்கில் இருந்து தொண்டு என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.